பைப்வயருக்கு நிரல் எழுதி அனுப்ப: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கணினியில் ஒரு பக்கம் பாட்டு ஓடுகிறது, இன்னொரு பக்கம் வீடியோ அழைப்பு, நடுவில் அஞ்சல் வந்ததற்கான மணி. இவை எல்லாவற்றையும் வாங்கிக் கலந்து ஒரே ஹெட்போனுக்குள் அனுப்பும் பின்னணி மென்பொருளுக்குத்தான் ஒலிச் சர்வர் என்று பெயர். இன்று பெரும்பாலான லினக்ஸ் மேசைக் கணினிகளில் அந்த வேலையைப் பார்ப்பது பைப்வயர். அதன் மேல் சிறு கருவிகள் எழுதியும் அதன் நிரலைப் படித்தும் சில ஆண்டுகள் ஆகின்றன. புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

பைப்வயர் எப்படி வந்தது? பல்ஸ்ஆடியோ என்ன ஆயிற்று?

ஜிஸ்ட்ரீமர் என்ற ஒலி-வீடியோ நூலகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விம் டேமன்ஸ், ரெட் ஹாட்டில் இருந்துகொண்டு 2015 வாக்கில் தொடங்கிய திட்டம் இது. அப்போது பெயர் பினோஸ், நோக்கமும் ஒலி இல்லை, வீடியோதான். 2017-ல் பைப்வயர் என்ற பெயரில் ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கலின் 27-ஆம் பதிப்புக்குள் வந்தபோதும், வேலண்ட் என்ற காட்சி நெறிமுறையில் திரையைப் பகிர்வதற்குத்தான் பயன்பட்டது. ஒலிக்கு அதையே இயல்பாக வைத்தது 2021 ஏப்ரலில் வெளியான ஃபெடோரா 34. உபுண்டு 22.10-ல் மாறியது. 1.0 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது.

அதற்கு முன்பு இரண்டு உலகங்கள் இருந்தன. 2004-ல் பாலிப்ஆடியோ என்று தொடங்கிப் பிறகு பெயர் மாறிய பல்ஸ்ஆடியோ சாதாரணப் பயனாளருக்கு. பால் டேவிஸ் தொடங்கிய ஜாக் இசைக்கலைஞர்களுக்கும் ஒலிப்பதிவுக்காரர்களுக்கும். பைப்வயர் இரண்டு மொழியும் பேசுகிறது. பல்ஸ்ஆடியோவுக்காக எழுதிய செயலி, ஜாக்குக்காக எழுதிய செயலி, பைப்வயரோடு நேரடியாகப் பேசும் செயலி, மூன்றும் ஒரே சர்வரில் வந்து சேர்கின்றன. நீங்கள் மாற்றும் ஒரு வரி இந்த மூன்று வகைச் செயலிகளையும் தொடும் என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சி மொழி தெரிந்தால்தான் பங்களிக்க முடியுமா?

மையப் பகுதிக்கு ஆம். ஆனால் சர்வரைச் சுற்றி வேறு வேலை நிறைய இருக்கிறது. ஆவணங்கள் டாக்சிஜன் என்ற ஆவணக் கருவியின் வடிவில் இருக்கின்றன, பிழையும் விடுபடலும் எப்போதும் உண்டு. மொழிபெயர்ப்புகள் "பிஓ" என்ற அடைவில் இருக்கின்றன. பல்ஸ்ஆடியோ காலத்திலிருந்து வந்த தமிழ்க் கோப்பும் அதில் உண்டு. அதைத் திறந்து புதிதாகச் சேர்ந்த வரிகளுக்குத் தமிழ் எழுதிக் கொடுப்பதும் முழு மதிப்புள்ள பங்களிப்புதான். லுவா என்ற நிரல்மொழி தெரிந்தால் வயர்பிளம்பர் பக்கம் போகலாம்.

வயர்பிளம்பர் வேறா? எதை எங்கே அனுப்புவது?

வேறு. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

குழாய்களை அமைத்துத் தண்ணீர் ஓடச் செய்வது பைப்வயர். எந்தக் குழாயை எதோடு இணைப்பது என்று முடிவெடுப்பது வயர்பிளம்பர். ஹெட்போன் செருகியதும் பாட்டு எங்கே போக வேண்டும், புளூடூத் மைக்கை எப்போது திறக்க வேண்டும் போன்ற கொள்கைகள் அங்கே லுவா நிரல்களாக இருக்கின்றன. ஒலி சடக் சடக்கென்று வெட்டினால் பெரும்பாலும் பைப்வயர், அல்லது அதற்கும் கீழே. ஒலி நன்றாக இருந்து தவறான சாதனத்துக்குப் போனால் பெரும்பாலும் வயர்பிளம்பர்.

கீழே இன்னும் இரண்டு அடுக்கு உண்டு. ஒரு மடிக்கணினியில் ஸ்பீக்கர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், அந்த அட்டையின் டிரைவர், இயங்குதளத்தின் மையமான கெர்னலில் குறைபட்டிருக்கலாம், அல்லது லினக்ஸின் அடிப்படை ஒலி அடுக்கான ஆல்சாவின் சாதன விவரக் கோப்புகளில் அந்த மாடல் இல்லாமலிருக்கலாம். அதற்கான திருத்தத்தைப் பைப்வயருக்கு அனுப்பினால் "சரியான இடத்துக்குப் போங்கள்" என்ற பதில்தான் வரும். பைப்வயரை நிறுத்திவிட்டு ஆல்சாவின் சொந்தக் கருவியால் ஒரு வேவ் கோப்பை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் சத்தம் வரவில்லை என்றால் சிக்கல் கீழே இருக்கிறது.

கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் போட்டால் போதுமா?

போதாது. வேலை நடப்பது ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் கிட்லேப்பில். புல் ரிக்வெஸ்டுக்கு அங்கே மெர்ஜ் ரிக்வெஸ்ட் என்று பெயர்.

அங்கே கணக்குத் தொடங்கினேன், ஃபோர்க் செய்ய விடவில்லையே?

குற்றம் உங்கள் மேல் இல்லை. குப்பைக் கணக்குகளின் தொல்லையால், புதிதாக வருகிறவர்களுக்கு ஃபோர்க் செய்யும் (திட்டத்தின் நிரலைத் தன் கணக்கில் நகலெடுக்கும்) அனுமதியை ஃப்ரீடெஸ்க்டாப் தானாகத் தருவதில்லை. சரிபார்ப்புக் கோரிக்கைக்கு என்று ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். எந்தத் திட்டத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். பேட்ச், அதாவது அனுப்பப்போகும் திருத்தம், தயாரான பிறகு இதைத் தொடங்காதீர்கள், பில்ட் செய்யத் (மூல நிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டத்) தொடங்கும் அன்றே போட்டுவிடுங்கள்.

கணினியில் இப்போது ஓடும் ஒலியைக் கெடுக்காமல் பில்ட் செய்து பார்க்க முடியுமா?

முடியும். இதற்காகத் திட்டத்துக்கு நான் நன்றி சொல்கிறேன், ஏனெனில் ஒலிச் சர்வரை மாற்றி நிறுவி, அது எழாமல் போய், அலுவலக அழைப்புக்கு ஐந்து நிமிடம் முன்னால் வியர்ப்பது யாருக்கும் வேண்டாத அனுபவம்.

மெசான், நிஞ்சா என்ற கட்டும் கருவிகளை வைத்து ஒரு பில்ட் அடைவில் கட்டிக்கொள்ளுங்கள், நிறுவ வேண்டாம். மூல அடைவிலேயே "பிடபிள்யூ-அன்இன்ஸ்டால்டு" என்ற ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதை ஓட்டினால் புதிய ஷெல் ஒன்று திறக்கும். அதற்குள் இயக்கும் எல்லாமே நீங்கள் கட்டிய நூலகங்களையும் கூறுகளையும் எடுத்துக்கொள்ளும். கணினியின் பைப்வயர் சேவையையும் அதன் சாக்கெட்டையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு உங்கள் சர்வரை அந்த ஷெல்லுக்குள் கிளப்புங்கள். சோதனை முடிந்ததும் பழைய சேவையைத் திரும்பத் தொடங்கினால் எல்லாம் பழையபடி.

"ரியல்டைம் த்ரெட்டில் இதைச் செய்யாதே" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படி என்ன?

ஒலிச் சர்வர் நிரலுக்கும் மற்ற நிரலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். த்ரெட் என்பது ஒரு நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் ஓட்டம். குறித்த நேரத்துக்குள் முடிந்தே ஆக வேண்டியது ரியல்டைம் த்ரெட்.

பைப்வயர் ஒலியைத் துண்டு துண்டாகத் தள்ளுகிறது. ஒரு துண்டின் அளவுக்குக் குவாண்டம் என்று பெயர். இயல்பாக விநாடிக்கு 48,000 சாம்பிள், குவாண்டம் 1024. அதாவது ஏறத்தாழ 21 மில்லி விநாடிக்கு ஒரு சுற்று. அந்த நேரத்துக்குள் ஒவ்வொரு செயலியும் எழுந்து தன் பங்கைச் செய்து அடுத்ததை எழுப்பி, கடைசியில் கலந்த ஒலி அட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். கிதாரை நேரடியாகச் செருகி வாசிப்பவர் குவாண்டத்தை 64-க்கு இறக்குவார். அப்போது ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 1.33 மில்லி விநாடி. அதற்குள் முடியாவிட்டால் அட்டைக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது, காதில் சடக்கென்று விழும். எக்ஸ்ரன் என்பது அதுதான்.

இந்த ஓட்டத்துக்குள் நீங்கள் எழுதும் நிரல் சராசரியாக வேகமாக இருந்தால் போதாது. மோசமான நேரத்திலும் குறித்த நேரத்துக்குள் முடிய வேண்டும். மாலாக் என்ற சி அழைப்பால் நினைவகம் கேட்பது பத்தாயிரம் முறை மின்னல் வேகத்தில் முடியும், அடுத்த முறை கெர்னலிடம் போய் நிற்கும். கோப்பைத் திறப்பது வட்டைப் பொறுத்தது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் மியூடெக்ஸ் பூட்டு, அதைப் பிடித்திருக்கும் இன்னொரு த்ரெட்டைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் ஓடும் "பிராசஸ்" என்ற அழைப்புக்குள் இந்த மூன்றும் கூடாது.

பூட்டில் நானே மாட்டியிருக்கிறேன். பைப்வயரின் ஃபில்டர் இடைமுகத்தை வைத்து ஒரு சிறிய ஒலி வடிகட்டி எழுதினேன். திரையில் ஒரு நழுவி. அதை நகர்த்தினால் வடிகட்டியின் எண்கள் மாற வேண்டும். திரை த்ரெட்டும் ஒலி த்ரெட்டும் அந்த எண்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு மியூடெக்ஸ் போட்டேன், பாடப்புத்தகம் சொல்கிறபடி. 1024-ல் பாலாக ஓடியது. 64-க்கு இறக்கிவிட்டு சுருதிப் பெட்டிச் செயலியைப் பின்னணியில் ஓடவிட்டேன். நழுவியை நகர்த்தும்போது மட்டும், அதுவும் எப்போதாவது ஒரு முறை, சுருதி நடுவில் சடக்.

பிடபிள்யூ-டாப் கருவியைத் திறந்து பார்த்தேன். என் வடிகட்டியின் வரியில் வேலை நேரம் 0.04 மில்லி விநாடி சொச்சம், மிகக் குறைவு. ஆனால் பிழை எண்ணிக்கை ஒன்றொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. நடந்தது இதுதான்: திரை த்ரெட் பூட்டைப் பிடித்த கணத்தில், கெர்னல் அதை ஓரமாக உட்காரவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறது. உயர் முன்னுரிமையுள்ள ஒலி த்ரெட், தாழ்ந்த முன்னுரிமையுள்ள ஒன்றின் தயவுக்காகக் காத்து நிற்கிறது. சுற்று தவறுகிறது. பூட்டை எடுத்துவிட்டு, புதிய எண்களை ஒலி த்ரெட்டின் லூப்புக்கே ஒரு வேலையாகக் கொடுத்தனுப்பும் பைப்வயரின் "இன்வோக்" வழியைப் பிடித்தேன். இரவு முழுக்க ஓடியும் எண்ணிக்கை அசையவில்லை.

சோதிக்க இழையறாத ஒலியை வைத்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டின் தாள வாத்தியங்களுக்கு நடுவே சடக் சத்தம் ஒளிந்துகொள்ளும். தம்புரா மீட்டலிலோ ஒரே சுதியில் நிற்கும் சைன் அலையிலோ ஒளிய இடமில்லை.

அப்படியானால் அந்த இடத்தில் லாக் (பதிவுக் குறிப்பு) கூட எழுதக்கூடாதா?

சி-யில் வழக்கமாக எழுத்தை வெளியிடும் பிரிண்ட்எஃப் கூடாது. பைப்வயரின் சொந்த லாக் முறையில் மிக விரிவான டிரேஸ் மட்டத்துக்கு ஒரு வசதி உண்டு: செய்தி வளைய பஃபர் என்ற தற்காலிக இடத்தில் விழுந்து, பிறகு முதன்மை த்ரெட்டால் எழுதப்படும். அடிக்கடி ஓடும் பாதைக்கு "எஃப்பி" என்று முடியும் தனி மேக்ரோ இருக்கிறது. வெளியீட்டுக்கான பில்டில் அது முற்றிலும் காணாமல் போகும்படி அமைக்கலாம். புதிய மேக்ரோ எதுவும் எழுத வேண்டாம், பக்கத்துக் கோப்பில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்து அதையே செய்யுங்கள்.

நிரல் நடைக்கு விதிகள் உண்டா?

லினக்ஸ் கெர்னல் நடைக்கு நெருக்கம். டேப் வைத்து உள்தள்ளல், தவறு நேர்ந்தால் எர்நோ என்ற பிழை எண்ணை மைனஸில் திருப்புவது, சுத்தம் செய்யும் பகுதிக்குத் தாவ சி-யின் கோட்டூ. ஜிலிப் என்ற பொது நூலகம் கிடையாது, பட்டியல், சரம், வளைய பஃபர் எல்லாம் ஸ்பா என்ற சொந்தச் சிறு நூலகத் தலைப்புக் கோப்புகளில் இருக்கின்றன. பல்ஸ்ஆடியோவில் பழகியவர்கள் கவனியுங்கள்: அங்கே நான்கு இடைவெளி, டேப் கூடாது. இங்கே நேர்மாறு. எடிட்டர் தானாக மொத்தக் கோப்பையும் சீரமைத்துவிடாமல் அணைத்துவையுங்கள், இல்லாவிட்டால் மூன்று வரித் திருத்தம் முந்நூறு வரி மாற்றமாகத் தெரியும்.

கமிட் (கிட்டில் பதியும் ஒரு மாற்றம்) செய்தியில் என்ன எழுதுவது?

தலைப்பின் தொடக்கத்தில் எந்தப் பகுதி என்று: "ஆல்சா:", "புளூஸ்5:", "பல்ஸ்-சர்வர்:" என்பது போல. செய்தி ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். சாரத்தைத் தமிழில் காட்டுகிறேன்.

நன்றாக இல்லாதது: "வெட்டும் ஒலி சரிசெய்யப்பட்டது."

நன்றாக இருப்பது: "ஃபில்டர்: எண்களை ஒலி லூப் வழியாக மாற்று. இதுவரை முதன்மை த்ரெட்டும் ஒலி த்ரெட்டும் ஒரே பூட்டைப் பகிர்ந்தன. குவாண்டம் 64-ல் முதன்மை த்ரெட் இடைநிறுத்தப்பட்டால் ஒலி த்ரெட் காத்து நின்று எக்ஸ்ரன் வந்தது. இப்போது மாற்றம் ஒலி லூப்பிலேயே நடக்கிறது, பூட்டு தேவையில்லை."

முதலாவது உங்களுக்கு மட்டும் புரியும், அதுவும் இந்த வாரம் மட்டும். இரண்டாவதை மூன்று ஆண்டு கழித்து, ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் மாறியது என்று காட்டும் கிட் பிளேமை ஓட்டிப் பார்க்கும் யாரோ ஒருவர் படித்து, அந்த வரியைத் தெரியாமல் நீக்கிவிடாமல் நிற்பார். என்ன மாற்றினீர்கள் என்பதை டிஃப் காட்டிவிடும், ஏன் மாற்றினீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கிட்லேப்பில் அதற்கான புகார் எண் இருந்தால் கடைசி வரியில் சேருங்கள்.

ஒரு மெர்ஜ் ரிக்வெஸ்டில் எவ்வளவு போடலாம்?

ஒரு விஷயம். வழியில் கண்ணில் பட்ட எழுத்துப்பிழைக்குத் தனி கமிட். பெயர் மாற்றும் கமிட்டும் நடத்தையை மாற்றும் கமிட்டும் ஒன்றாக இருக்கக்கூடாது. ஒவ்வொரு கமிட்டும் தனியாக பில்ட் ஆக வேண்டும், ஏனெனில் பின்னாளில் பைசெக்ட் செய்து, அதாவது கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்து, பழுதைத் தேடுகிறவர் உங்கள் கமிட்டின் மேல் வந்து நிற்கலாம். திருத்தம் கேட்டால் "மதிப்பாய்வில் சொன்னது" என்று புதிய கமிட் அடுக்காமல் ரீபேஸ் செய்து பழைய கமிட்டுக்குள்ளேயே கலந்து அனுப்புங்கள்.

புதிய அழைப்பு ஒன்றைப் பொது இடைமுகத்தில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் கடைசியில். பைப்வயரில் செயற்கூறுகளின் அழைப்புகள் பதிப்பு எண் உள்ள ஸ்ட்ரக்ட்களாக இருக்கின்றன. நடுவில் ஒன்றைச் செருகினாலோ வரிசையை மாற்றினாலோ ஏற்கெனவே கட்டப்பட்ட செயலிகள் எல்லாம் தவறான இடத்தைக் கூப்பிடும்.

கற்பனையான ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதியாக வரும் செயலி, தன்னுடைய ரன்டைமில் (அடிப்படை நூலகத் தொகுப்பில்) இருக்கும் பழைய பைப்வயர் நூலகத்தை வைத்துக்கொண்டு, உங்கள் கணினியின் புதிய சர்வரோடு சாக்கெட் வழியாகப் பேசுகிறது. இரண்டின் பதிப்பும் ஒன்றாக இருக்கும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எழுதி முடித்ததும், பழைய நூலகத்தோடு வரும் ஒரு ஃபிளாட்பேக் செயலியையாவது உங்கள் சர்வரில் ஓட்டிப் பாருங்கள்.

டெஸ்ட் எழுத வேண்டுமா?

வன்பொருள் இல்லாமல் சோதிக்கக்கூடியதென்றால் கட்டாயம் எழுதுங்கள்: சரத்தைப் பிரிப்பது, வடிவ மாற்றம், வளைய பஃபர் கணக்கு. திட்டத்துக்குள்ளேயே "பிடபிள்யூடெஸ்ட்" என்ற சிறு சட்டகம் இருக்கிறது, பழைய டெஸ்ட் ஒன்றை நகலெடுத்துத் தொடங்கலாம். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் மெசானின் அட்ரஸ் சானிட்டைசர் விருப்பத்தோடு ஒருமுறை கட்டி ஓட்டுங்கள். கிட்லேப்பின் தானியங்கிச் சோதனை பல லினக்ஸ் வழங்கல்களில் கட்டிப் பார்க்கும். வழக்கமான ஜிலிப்சிக்குப் பதிலாக மசல் என்ற சி நூலகத்தில் ஓடும் ஆல்பைன் அவற்றில் ஒன்று. ஜிலிப்சியில் மட்டும் கிடைக்கும் அழைப்பைப் பயன்படுத்தினால் அங்கே சிவப்பாக மாறும்.

வன்பொருள் சார்ந்ததற்கு டெஸ்ட் எழுத முடியாது. புளூடூத் ஹெட்செட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அப்படிப்பட்ட திருத்தத்தில் எந்தச் சாதனம், எந்தக் கெர்னல், மாற்றத்துக்கு முன் என்ன கேட்டது, பின் என்ன கேட்டது என்று எழுதுங்கள். வேறு யாரிடமும் அந்தச் சாதனம் இல்லாதபோது உங்கள் சொல்தான் சாட்சி.

பல்ஸ்ஆடியோவிலிருந்து நிரலை எடுத்து ஒட்டலாமா?

கேட்காமல் ஒட்டாதீர்கள். பைப்வயர் எம்ஐடி உரிமம், பல்ஸ்ஆடியோ அதைவிடக் கட்டுப்பாடு அதிகமான எல்ஜிபிஎல். அங்கிருந்து வந்த ஆல்சா கார்டு புரொஃபைல் பகுதி இன்றும் எல்ஜிபிஎல் குறிப்போடு தனி அடைவில்தான் இருக்கிறது. புதிய கோப்பு என்றால் மேலே எஸ்பிடிஎக்ஸ் வரியோடு உரிமத்தைக் குறிப்பிடுங்கள். எங்கிருந்து எடுத்திருந்தாலும், ஒவ்வொரு வரியும் அங்கே ஏன் இருக்கிறது என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும்.

நிரல் எழுதவில்லை, பழுதை மட்டும் தெரிவிக்கிறேன். என்ன சேர்க்க வேண்டும்?

பதிப்பு எண், வழங்கல், கெர்னல். பிடபிள்யூ-டம்ப் கருவியின் முழு வெளியீடு. பைப்வயர் டீபக் என்ற சூழல் மாறியை 4-க்கு உயர்த்தி எடுத்த லாக், பழுது நேர்ந்த நேரக் குறிப்போடு. எல்லாவற்றுக்கும் முன்னால், பழுது புதிய பதிப்பிலும் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் இருப்பது 0.3.65, அதாவது 1.0-க்கு முந்தையது. அதில் கண்ட பழுது எப்போதோ தீர்ந்திருக்கலாம்.

இரண்டு வாரம் ஆயிற்று, பதிலே இல்லை. என்ன செய்வது?

நினைவூட்டுங்கள், மரியாதையாக, ஒரே ஒரு முறை, புதிய தகவலோடு: "மாஸ்டரின் (முதன்மைக் கிளையின்) மேல் ரீபேஸ் செய்திருக்கிறேன், இன்னும் பொருந்துகிறது" என்பது போல. ஓஎஃப்டிசி என்ற ஐஆர்சி அரட்டைச் சேவையில் பைப்வயர் அறை இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம். கேள்வியைப் போட்டுவிட்டு உடனே கிளம்பாதீர்கள், ஐரோப்பாவில் இருப்பவர் காலையில் பார்த்துப் பதில் சொல்லும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

மௌனத்தை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இத்தனை சாதனங்களுக்கும் இத்தனை செயலிகளுக்கும் பொறுப்பேற்கிறவர்கள் மிகச் சிலர். அவர்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் பேட்சுக்கு முதலில் பதில் வருகிறது. சிறியதாக, காரணத்தோடு, அளந்து பார்த்த எண்களோடு இருப்பதுதான் அந்தப் பேட்ச்.

முதல் வேலையாக எதை எடுக்கலாம்?

உங்கள் கணினியிலேயே உங்களைத் தொந்தரவு செய்யும் ஒன்றை. பட்டியலில் "எளிதானது" என்ற முத்திரையோடு இருப்பதைவிட அதுதான் நல்லது, ஏனெனில் சரியாகிவிட்டதா என்று உங்கள் காதே சொல்லும். அப்படி எதுவும் இல்லை என்றால் எடுத்துக்காட்டு நிரல்கள் இருக்கும் அடைவிலிருந்து சைன் அலை எழுப்பும் நிரலைக் கட்டி ஓட்டுங்கள். அதில் வேண்டுமென்றே பத்து மில்லி விநாடி தூக்கத்தைச் செருகி, குவாண்டத்தைப் படிப்படியாக இறக்கி, எந்த இடத்தில் உடைகிறது என்று பிடபிள்யூ-டாப்பில் பாருங்கள். அரை நாள் வேலை. ஆனால் அதன் பிறகு மையப் பகுதியின் நிரலைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் எதற்குப் பயந்து எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியும்.

பேட்ச் மாஸ்டரில் சேர்ந்துவிட்டது. என் கணினிக்கு எப்போது வரும்?

அடுத்த வெளியீட்டில் சேரும், பிறகு உங்கள் வழங்கலைப் பொறுத்தது. ஆர்ச், ஃபெடோரா என்றால் சீக்கிரம். டெபியன் நிலையான பதிப்பென்றால் அடுத்த பெரிய பதிப்பு வரை காத்திருக்க நேரலாம். அதுவரை நீங்கள் கட்டிய பில்டையே ஓட்டுங்கள், பிழை எண்ணிக்கையின் மேல் ஒரு கண் இருக்கட்டும். வெளியீடு வந்ததும் நியூஸ் கோப்பைத் திறந்து உங்கள் திருத்தத்தின் வரியைத் தேடிப் பாருங்கள்.